வி பெல்ட், ஓ-ரிங், ஹைட்ராலிக் ஹோஸ்: பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வி பெல்ட் சீக்கிரம் அறுந்தால் பெல்ட்டின் தரத்தைக் குறை சொல்வதும், ஒரு ஹோஸ் வெடித்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று முடிவுகட்டுவதும் பட்டறைகளில் வழக்கம். பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கிறது. தொழிற்சாலைகளில் ஓடும் ரப்பர் பாகங்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சிக்கலைத் தீர்க்கக் கண்டுபிடிக்கப்பட்டவை. அந்தச் சிக்கலை அவை எந்த வழியில் தீர்க்கின்றன என்று தெரியாமல் பொருத்தும்போது, எந்த அமைப்பை நம்பி அவை வேலை செய்கின்றனவோ அதையே நாம் கெடுத்துவிடுகிறோம். கீழே சொல்லப்படும் தவறுகள் எல்லாமே அந்த வகையைச் சேர்ந்தவை.

முதலில் வி பெல்ட், அதாவது மோட்டாரின் சுழற்சியைப் புல்லி என்னும் சக்கரங்கள் வழியாக இயந்திரத்துக்குக் கடத்தும் V வடிவப் பட்டை. அமெரிக்காவின் டென்வர் நகரில் 1917இல் ஜான் கேட்ஸ் ரப்பரையும் நூலையும் சேர்த்து இதை உருவாக்கியபோது, அந்நாளைய மோட்டார் வண்டிகளில் கயிறுதான் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. தட்டையான பெல்ட் புல்லியின் மேற்பரப்பில் அழுந்தி, அந்த உராய்வால் இழுக்கிறது. வி பெல்ட்டோ புல்லியின் விளிம்பைச் சுற்றியுள்ள பள்ளமான காடியின் இரண்டு சாய்வுச் சுவர்களுக்கு நடுவே ஆப்பாக இறுகி இழுக்கிறது. 38 டிகிரி காடியில் இப்படி இறுகுவதால், அதே இழுவிசையில் தட்டைப் பெல்ட்டுக்குக் கிடைப்பதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பிடிப்பு கிடைக்கிறது. இந்த மூன்று மடங்கு முழுவதும் பக்கச் சுவர்களிலிருந்து வருவது என்பதை மனத்தில் கொண்டால், பாதித் தவறுகள் தாமே விளங்கிவிடும்.

பெல்ட்டின் அடிப்பகுதி காடியின் அடியைத் தொடவே கூடாது. தொட்டுவிட்டால் ஆப்பு வேலை நின்றுபோய், அது ஒரு மோசமான தட்டைப் பெல்ட்டாகிவிடுகிறது. வழுக்குகிறது, சூடாகிறது, பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளக்கின்றன. புல்லியின் காடியடி துருவோ அழுக்கோ படியாமல் மினுமினுத்தால், பெல்ட் அங்கே உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். காடியின் சுவர் 0.8 மி.மீ. அளவுக்கு மேல் குழிந்து தேய்ந்திருந்தால் புல்லியை மாற்றியாக வேண்டும். நம் பட்டறைகளில் மிகுதியாகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து: தேய்ந்த புல்லியை அப்படியே விட்டுவிட்டு, ஆண்டுக்குப் பல முறை புதுப் பெல்ட் வாங்கி மாட்டுகிறார்கள். புல்லியின் விலை அதிகமாகத் தெரிவதால் பெல்ட்டின் மொத்தச் செலவு கண்ணில் படுவதில்லை. பெல்ட்டின் வகை மாறிப்போவதும் இதே விளைவைத் தரும். ஏ வகையின் மேல் அகலம் 13 மி.மீ., பி வகைக்கு 17, சி வகைக்கு 22. பி காடியில் ஏ பெல்ட்டைப் போட்டால் அது அடியில் போய் உட்காரும். ஏ காடியில் பி பெல்ட் காடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

லேத்தில் புல்லி கடையச் சொல்பவர்கள் அடுத்த தவற்றைச் செய்கிறார்கள். பெல்ட்டின் பக்கக் கோணம் 40 டிகிரி என்பதால் காடியையும் எல்லா அளவுப் புல்லிகளுக்கும் 40 டிகிரியிலேயே கடைந்துவிடுகிறார்கள். பெல்ட் புல்லியைச் சுற்றி வளையும்போது அதன் மேற்பகுதி இழுபட்டு ஒடுங்குகிறது, அடிப்பகுதி நெருக்கப்பட்டுப் புடைக்கிறது. அதனால் அதன் கோணம் குறைகிறது. புல்லி சிறிதாக ஆக வளைவு கூடுகிறது, கோணமும் இன்னும் குறைகிறது. இதை ஈடுகட்டத்தான் பி வகைக்கு 190 மி.மீ. விட்டம் வரை 34 டிகிரியும், அதற்கு மேல் 38 டிகிரியும் என்று தரநிர்ணயம் வைத்திருக்கிறது. ஏ வகையில் இந்த எல்லை 118 மி.மீ. காடியைச் சரியான கோணத்தில் கடையாவிட்டால் பெல்ட் சுவரின் ஒரு விளிம்பில் மட்டும் உரசி, அந்த விளிம்பில் தேயும்.

புல்லியை மிகச் சிறிதாக்குவதும் கூடாது. மோட்டார் பக்கப் புல்லியைச் சிறிதாக்கி வேகத்தைக் குறைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஏ வகைக்கு 75, பி வகைக்கு 125, சி வகைக்கு 200 மி.மீ. என்பவை குறைந்தபட்ச விட்டங்கள். இவற்றுக்குக் கீழே போனால் பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி வளைந்து நிமிர்கிறது. உள்ளே இருக்கும் இழைகள் சோர்ந்து, அடிப்பகுதியில் குறுக்கு வெடிப்புகள் வருகின்றன. வேகத்தை இன்னும் குறைக்க வேண்டுமானால் எதிர்ப் பக்கத்துப் புல்லியைப் பெரிதாக்குவதே முறை.

இழுவிசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, போதும் என்று நட்டை முடுக்குகிறோம். அமுக்கும் கைக்குக் கை அளவு மாறும். சரியான வழி எளிது: இரு புல்லிகளுக்கு நடுவே, பெல்ட்டின் மையத்தில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுக்க வேண்டும். இடைவெளியின் ஒவ்வொரு மீட்டருக்கும் 16 மி.மீ. அளவுக்குப் பெல்ட் தாழ எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பார்த்து, அதைத் தயாரிப்பாளர் தரும் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். விசை அட்டவணையைவிடக் குறைவாக இருந்தால் பெல்ட் வழுக்கிச் சூடேறும். மிகுதியாக இருந்தால் பேரிங் போய்விடும், ஷாஃப்ட்டும் வளையலாம். புதுப் பெல்ட் முதல் நாள் ஓட்டத்தில் காடியில் நன்றாக அமர்ந்து சற்றுத் தளரும் என்பதால், 24 மணி நேரம் ஓடிய பின் மறுபடி அளந்து இறுக்குவது கட்டாயம். இந்த இரண்டாவது முடுக்கலைச் செய்யாமல் விடுவதால் கெட்டுப்போகும் பெல்ட்டுகள் ஏராளம்.

வழுக்கும் பெல்ட்டுக்குக் குங்கிலியப் பொடி தூவுவதையும் பெல்ட் பசை தடவுவதையும் கைவிட வேண்டும். அது சிறிது நேரம் பிடிப்பைக் கூட்டுவது உண்மைதான். ஆனால் பசையில் உள்ள கரைப்பான் பெல்ட்டின் மேலுறையை மெல்ல இளக்குகிறது. பொடியும் தூசியும் சேர்ந்து கட்டியாகி, சுவரை அரிக்கும் உப்புத்தாள்போல் வேலை செய்கின்றன. வழுக்கல் என்பது இழுவிசை குறைவு, சுமை மிகுதி, புல்லித் தேய்மானம், எண்ணெய்க் கசிவு ஆகிய நான்கில் ஒன்றின் அறிகுறி. அறிகுறியை மறைத்தால் காரணம் உள்ளேயே வளர்கிறது.

ஒரே புல்லியில் நான்கைந்து பெல்ட்டுகள் பக்கம் பக்கமாக ஓடும் முறையை அமெரிக்க இயந்திரத் தயாரிப்பு நிறுவனமான அல்லிஸ்-சால்மர்ஸின் வால்டர் கைஸ்ட் 1920களில் உருவாக்கினார். சுமை எல்லாப் பெல்ட்டுகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது என்பதே இதன் அடிப்படை. அறுந்த ஒன்றை மட்டும் மாற்றினால் இந்தப் பங்கீடு குலைகிறது. பழைய பெல்ட்டுகள் ஓடி ஓடி நீண்டிருக்கும். புதியது நீளம் குறைந்து இறுக்கமாக நிற்கும். ஏறக்குறைய முழுச் சுமையையும் அதுவே தாங்கி, மற்றவற்றுக்கு முன்பாக அறுந்துபோகும். மாற்றினால் எல்லாவற்றையும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே தொகுதியாக மாற்ற வேண்டும். மாட்டும்போது மோட்டாரை உள்ளே தள்ளித் தளர்த்தி மாட்டாமல், கடப்பாறையால் நெம்பிப் புல்லியின் விளிம்பு வழியாக ஏற்றுவது இன்னொரு கெட்ட பழக்கம். வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே இழுவையைத் தாங்கும் இழைகள் அந்த நொடியிலேயே அறுந்திருக்கும். பெல்ட் சில வாரங்களில் ஒரு பக்கம் புரண்டு ஓடத் தொடங்கும்.

சூடு எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு ரப்பரின் வேதியியலே காரணம். சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற வல்கனைசேஷன் முறையில், கந்தகமும் வெப்பமும் சேர்ந்து ரப்பர் மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகளை உருவாக்குகின்றன. ஓடும் பெல்ட் சூடாகும்போது இந்தப் பிணைப்பு வேலை நின்றுவிடாமல் தொடர்கிறது. ரப்பர் மேலும் மேலும் இறுகிக் கெட்டியாகி வெடிக்கிறது. பெல்ட்டின் உள்வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது இத்துறையில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் கணக்கு. ஆகவே பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றிவிடவும் கூடாது, இரும்புத் தகட்டால் அதை முழுக்க மூடிவிடவும் கூடாது. விரல் நுழையாத, காற்று நுழையும் கம்பி வலைக் கவசமே இரண்டு தேவைகளையும் நிறைவேற்றும்.

டைமிங் பெல்ட்டுக்கு வந்தால், வி பெல்ட்டில் கற்ற பழக்கங்கள் பல இங்கே தவறாகிவிடுகின்றன. இது உராய்வால் இழுப்பதில்லை, பற்களால் இழுக்கிறது. ரிச்சர்ட் கேஸ் 1940களில் இதை உருவாக்கினார். ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார் 1962இல் இதை எஞ்சினுக்குள் கொண்டுவந்தது. இதற்கு மிகுந்த இழுவிசை தேவையில்லை, பற்கள் தாவாத அளவு போதும். இதன் உள்ளே பெரும்பாலும் கண்ணாடி நார் இழைகள் இருக்கின்றன. அவை இழுவையில் வலியவை, மடிப்பில் மிக எளிதில் உடைபவை. பையில் அடக்க வேண்டும் என்று சிறு வளையமாக மடித்தாலும், உட்புறம் வெளியே வருமாறு திருப்பிப் பார்த்தாலும், ஆணியில் தொங்கவிட்டாலும் அந்த இடத்தில் இழைகள் முறிந்துவிடும். பெல்ட் மாட்டியவுடன் அறுவதில்லை. எஞ்சின் முழுச் சுமையில் ஓடும்போது அறும்.

ஓ-ரிங், அதாவது இடைவெளியை அடைத்துக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், மிக எளிய பாகமாகத் தோன்றுவதால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் இதற்கு 1937இல் விண்ணப்பித்து 1939இல் காப்புரிமை பெற்றார். அவர் கண்டறிந்த உண்மை ரிங்கைவிடக் காடியைப் பற்றியது. காடியின் அகலம் ரிங்கின் தடிமனைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தால்தான், அழுத்தம் வரும்போது ரிங் ஒரு பக்கம் நகர்ந்து அழுந்தி இடைவெளியை அடைக்கும். காடி நெருக்கமாகவும் ரிங் பருமனாகவும் இருந்தால் நன்றாக அடைக்கும் என்று எண்ணி அடுத்த பருமனில் ரிங் போடுகிறார்கள். எண்ணெயில் ஊறியும் சூட்டிலும் ரப்பர் விரியும்; விரிய இடமில்லாத ரிங் நசுங்கித் துண்டு துண்டாக வெளியே வரும். பொருத்தும்போது உலர்ந்த நிலையில் திருகு மரைகளின் மேல் உரசி இழுப்பதும் தவறு. ரப்பர் வகையையும் பார்க்க வேண்டும். நைட்ரைல் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய்க்கு உகந்தது, கிளைகால் வகை பிரேக் திரவத்துக்கு ஆகாது, இ.பி.டி.எம். ரப்பரோ பிரேக் திரவத்துக்கும் வெந்நீருக்கும் உகந்தது, பெட்ரோலிய கிரீஸ் பட்டாலே உப்பிவிடும். இரண்டும் கறுப்பாகவே இருப்பதால் கண்ணால் பிரித்தறிய முடியாது, உறையைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதே வழி. வெப்பநிலையின் முக்கியத்துவத்துக்கு 1986 ஜனவரி 28 சான்றாக நிற்கிறது: அந்தக் குளிர்ந்த காலையில் ஏவப்பட்ட சேலஞ்சர் விண்ணோடம் 73 நொடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தனர். ராக்கெட் இணைப்பின் ஓ-ரிங் குளிரில் மீள்தன்மையை இழந்திருந்ததை இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் விசாரணைக் குழுவின் முன் ஒரு கோப்பைப் பனிநீரில் நிரூபித்தார்.

அழுத்தமேறிய எண்ணெயைக் கொண்டுசெல்லும் ஹைட்ராலிக் ஹோஸில் உள்குழாய், எஃகுக் கம்பிப் பின்னல், மேலுறை என மூன்று அடுக்குகள் உண்டு. அழுத்தத்தைத் தாங்குவது கம்பிப் பின்னலே. கம்பிகள் ஏறக்குறைய 54.7 டிகிரிச் சாய்வில் பின்னப்பட்டால், உள்ளே அழுத்தம் ஏறும்போது ஹோஸ் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் சமநிலையில் நிற்கும். இந்தக் கோணம் கலைந்தால் வலிமையும் கலைகிறது. எனவே ஹோஸை முறுக்கிய நிலையில் பொருத்துவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. மேலே நீளவாக்கில் அச்சிடப்பட்டிருக்கும் எழுத்து வரி நேராக ஓடுகிறதா, சுருளாகச் சுற்றுகிறதா என்று பார்த்தாலே முறுக்கம் தெரிந்துவிடும். நட்டை முடுக்கும்போது ஹோஸ் சேர்ந்து திரும்பாமல் இருக்க இரண்டு ஸ்பேனர்களைப் பயன்படுத்த வேண்டும். இரு முனைகளுக்கு நடுவே விறைப்பாக, அளவெடுத்து வெட்டிய ஹோஸும் கூடாது; அழுத்தத்தில் அது 2 விழுக்காடு வரை நீளலாம், 4 விழுக்காடு வரை சுருங்கலாம். ஒரு மீட்டர் ஹோஸ் 40 மி.மீ. சுருங்க முயன்றால், தளர்ச்சி இல்லாத இடத்தில் அந்த இழுவை முழுவதும் ஹோஸின் முனையில் உள்ள இணைப்பான பிட்டிங்கின் கழுத்தில் விழும். பிட்டிங்கை விட்டு வெளிவந்ததும் உடனே வளைப்பதும் அதே கழுத்தைத்தான் முறிக்கிறது.

ஹோஸின் வெடிப்பு அழுத்தம் பொதுவாக வேலை அழுத்தத்தைப்போல் நான்கு மடங்கு இருக்கும். அந்தப் பெரிய எண்ணைக் கண்டு, தாங்கும் என்று நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வால்வு மூடும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் நொடிப்பொழுதுக்கு எகிறுகிறது. அந்த நான்கு மடங்கு, இப்படி இலட்சக்கணக்கான எகிறல்களைத் தாங்குவதற்காக வைக்கப்பட்ட இடைவெளி. அதைச் செலவழிக்க நமக்கு உரிமை இல்லை. ஒரு நிறுவனத்தின் ஹோஸில் இன்னொரு நிறுவனத்தின் பிட்டிங்கை கிரிம்ப் செய்வதும், அதாவது நெரித்துப் பொருத்துவதும், இதே போன்ற துணிச்சல். நெரிக்கும் அளவு ஒவ்வொருவருக்கும் மாறும்.

மேலுறையில் ஊசித்துளை விழுந்து எண்ணெய் பனிபோல் தெளிக்கும்போது, எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் உயிருக்கே ஆபத்தானது. 200 பார் அழுத்தத்துக்கு மேல் வேலை செய்யும் இயந்திரங்களில் அந்த மெல்லிய கீற்று தோலைத் துளைத்து எண்ணெயை விரலின் உள்ளே செலுத்திவிடும். தொடக்கத்தில் ஒரு சிறு புள்ளியும் இலேசான வலியும்தான் இருக்கும். உள்ளே திசு அழியத் தொடங்கியிருக்கும், சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை நடக்காவிட்டால் விரலோ கையோ போகலாம். கசிவைத் தேடும் முன் இயந்திரத்தை நிறுத்தி அழுத்தத்தை இறக்க வேண்டும். ஓடும்போதுதான் பார்த்தாக வேண்டும் என்றால், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு நீண்ட அட்டை அல்லது மரத்துண்டைத் தொலைவிலிருந்து நீட்டிப் பார்க்க வேண்டும். தோலில் பட்டுவிட்டால் வலிக்காகக் காத்திராமல், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய், எந்த எண்ணெய், எவ்வளவு அழுத்தம், எத்தனை மணிக்குப் பட்டது என்ற மூன்றையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.