ஓட்டுப் போடுமுன் முழங்காலில் நிற்பது எப்படி

தேர்தல் வருகிறதென்றால் நான் முதலில் எடுப்பது ஜெப நோட்டைத்தான். வேட்பாளர்கள் எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள், பிடிக்காதவரையும் சேர்த்து. பைபிளில் 1 தீமோத்தேயு 2:1-2 வசனம், ஆட்சி அதிகாரத்தில் இருக்கிற யாவருக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறது. ஒரு பெயர் வரும்போது எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும். அதைத்தான் சத்தமாகச் சொல்வேன்.

அப்புறம், எதை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்று எழுதுங்கள். என் நோட்டுப் பக்கத்தில் கருவிலிருக்கும் உயிர், குடும்பம், ஆராதனைச் சுதந்திரம், ஏழைக்கு நியாயம் நான்கும் இருக்கின்றன. பேச்சை விடுங்கள், பதவியில் என்ன செய்தார் என்று பாருங்கள். வசனம் சொல்லி ஓட்டுக் கேட்பவரிடம் இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஒருமுறை வசனத்தைக் கேட்டே ஓட்டுப் போட்டுவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

தேசியக் கொடி ஏறும்போது கண் கலங்குகிறதா, சரி, கலங்கட்டும். ஆராதனை மட்டும் கர்த்தருக்கே. பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களையே அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொன்னது எரேமியா 29:7. சொந்த நாட்டை நேசிக்க நமக்கு என்ன தயக்கம்?

முடிவு வந்த ராத்திரி அதே நோட்டைத் திறந்து, ஜெயித்தவர் பெயரின் கீழே கோடு போட்டு அவருக்காக ஜெபியுங்கள். மற்றப் பெயர்களை அடிக்க வேண்டாம்.