கூலிங் டவர் ஃபில்: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கூலிங் டவருக்கு ஃபில் (சூடான நீரைப் பரப்பிக் காற்றில் படவைக்கும் உள் அடுக்கு) வாங்குவோர் முதலில் கேட்பது, எந்த ஃபில் அதிகம் குளிர்விக்கும் என்பதுதான். ஆனால் இராணிப்பேட்டை சிப்காட்டிலோ வாணியம்பாடிப் பக்கத்திலோ தொழிற்சாலை நடத்துபவர், அதற்கு முன் தம் போர் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புவது நல்லது. பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் நிலத்தடி நீரில் உப்பும் கடினத்தன்மையும் மிகுதி. டவரில் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கிச் சுற்றும் நீரில் செறிந்துகொண்டே வரும்.

மெல்லிய பிவிசி தாள்களை அடுக்கிச் செய்த ஃபிலிம் ஃபில், நீரைப் படலமாகப் பரப்பி நன்றாகக் குளிர்விக்கும். ஆனால் அதன் குறுகிய இடைவெளிகளில் சுண்ணாம்புப் படிவும் பாசியும் விரைவில் அடைத்துக்கொள்ளும். மென்மையாக்கிய நீரோ ஆர்ஓ நீரோ தடையின்றிக் கிடைத்தால் 12 மில்லிமீட்டர் இடைவெளி உள்ளதை வாங்கலாம். சற்றுக் கலங்கிய நீருக்கு 19 மில்லிமீட்டர் இடைவெளி உள்ளதோ, நீர் நேராகக் கீழிறங்கும் நேர்குழல் அமைப்போ ஏற்றது. கசடு நிறைந்த நீருக்கு, டவர் உயரமாக வேண்டியிருந்தாலும், துளிகளாகச் சிதறடிக்கும் ஸ்பிளாஷ் ஃபில்லே சரி என்பது என் உறுதியான கருத்து. திரும்பி வரும் நீரின் சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுமானால் சாதாரண பிவிசி தளர்ந்து வளைந்துவிடக்கூடும். பாலிப்ரொப்பிலீன் அந்தச் சூட்டைத் தாங்கும், ஆனால் எளிதில் தீப்பற்றும் என்பதால் டவருக்கு மேலே வெல்டிங் கூடவே கூடாது.

பராமரிப்பில் முதல் வேலை, ஃபில் மீது நீரைத் தெளிக்கும் நாசில்களைப் பார்ப்பது. ஒரு நாசில் அடைத்தால் அதன் கீழுள்ள ஃபில் அரைகுறையாக நனைந்து காய்ந்து, அந்த இடத்தில்தான் படிவு வேகமாக ஏறும். புதிய ஃபில் பொருத்தும் நாளிலேயே ஒரு ஃபில் கட்டையை எடைபோட்டு எழுதி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கட்டையை வெளியே எடுத்து, நீர் வடிந்ததும் மீண்டும் எடைபோடுங்கள்; எடை கூடியிருந்தால் படிவு ஏறியிருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அடைப்பும் தெரியும். வெள்ளைப் படிவைச் சுரண்டி நீர்த்த அமிலம் ஒரு துளி விட்டதும் நுரைத்தால் அது கால்சியம் கார்பனேட். வழுவழுப்பாக இருந்தால் பாசி, அதற்குக் கிருமிநாசினிதான் தேவை.

டவரிலிருந்து வரும் குளிர்ந்த நீரின் வெப்பநிலைக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கும் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காற்றில் காட்டும் அளவு) உள்ள வித்தியாசத்தையும் குறித்து வாருங்கள். வேலூரின் மே மாத வெயில் வறண்டது. அதனால் காற்று சுடும் அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறுவதில்லை. சுமையும் நீரோட்டமும் மாறாமல் அந்த வித்தியாசம் மட்டும் கூடினால், ஃபில்லையும் நாசிலையும் மின்விசிறியையும் பாருங்கள்.

கழுவும்போது அதிக அழுத்த ஜெட் வேண்டாம், தாள்கள் கிழியும். ஃபில் மீது நேராக மிதிக்காமல் பலகை போட்டு நில்லுங்கள். டவர் நீர்த்துளிகளில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் தகுந்த முகக்கவசம் கட்டாயம். பம்பை நிறுத்தியதும் படிவு காய்ந்து இறுகுமுன் கழுவத் தொடங்கிவிடுங்கள்.