அடுக்ககத்தில் தண்ணீர்ச் செலவைக் குறைப்பது: அபராதம் இல்லாமல், அளந்து காட்டி

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு வந்த முதல் தண்ணீர் ரயில் 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தது. தலைக்கு 135 லிட்டர் என்று கணக்கிட்டால், சுமார் 18,500 பேரின் ஒருநாள் தேவை. ஏரிகள் வற்றியபின் வெளியிலிருந்து கொண்டுவருவது அவ்வளவுதான் தாங்கும். செலவைக் குறைக்கும் வேலை வீடுகளில்தான் இருக்கிறது. "தண்ணீரைச் சேமிப்போம்" என்று அட்டை மாட்டினால் யாரும் குறைப்பதில்லை. எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்தால் குறைக்கிறார்கள்.

1. முதலில் அளவு

மீட்டர் இல்லையா? மொட்டைமாடி டேங்க் நிரம்பியதும் சம்பில் நீளக் கம்பு விட்டு ஆழம் குறியுங்கள். மறுநாள் அதே நேரம் டேங்கை மறுபடி நிரப்பிவிட்டு அளக்கவும். இடையில் லாரியோ குழாய்த் தண்ணீரோ சம்பில் இறங்கக் கூடாது. 4 மீ × 3 மீ சம்பில் 1 மீட்டர் இறங்கியிருந்தால் 12,000 லிட்டர், அதாவது ஒரு பெரிய லாரி. குடியிருப்போர் 70 பேர் என்றால் தலைக்கு 171. ஒரு வாரம் அளந்து சராசரி எடுங்கள். ஞாயிறு துணி துவைக்கும் நாள், அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

2. ராத்திரிக் கசிவு

இரவு 1 மணிக்கும் 4 மணிக்கும் மோட்டார் போடாமல் மாடி டேங்கின் மட்டம் பாருங்கள். 2 மீ × 1.5 மீ டேங்கில் 5 செ.மீ. இறங்கினால் 150 லிட்டர். அப்படியே ஒழுகினால் நாளுக்கு 1,200. பெரும்பாலும் ஃபிளஷ் டேங்க்தான் காரணம். அதில் சொட்டு நீலம் சில துளி விட்டு, 20 நிமிடம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் அடி ரப்பர் போய்விட்டது, அல்லது மிதவை உயரமாக இருந்து உபரிக் குழாய் வழியே வழிகிறது. ரப்பர் மாற்றியும் நிற்கவில்லையா? அது உட்காரும் இடத்தில் போர் தண்ணீரின் உப்புப் படிந்திருக்கும், சுரண்டித் துடையுங்கள்.

3. ஏரேட்டர், சரியான குழாயில்

1 லிட்டர் பாட்டில் 6 நொடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 10 லிட்டர். குழாய் வாயில் ஏரேட்டர் (நீரில் காற்றைக் கலந்து விடும் சிறிய சல்லடை மூடி) போட்டால் 3 முதல் 5 வரை இறங்கும். சமையலறைக்கும் வாஷ்பேசினுக்கும் மட்டும் போடுங்கள். வாளி பிடிக்கும் குழாயில் போட்டால் மிச்சமே கிடையாது, வாளி நிரம்ப நேரம்தான் ஆகும். எரிச்சலில் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். மேல்தளத்தில் அழுத்தமே குறைவு, அங்கே 3 லிட்டர் வகை வேண்டாம். மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் அரைமணி ஊறவைத்தால் சல்லடை அடைக்காது.

பழைய 10 லிட்டர் ஃபிளஷ் டேங்கில் நீர் நிரப்பிய 1 லிட்டர் பாட்டிலை வைக்கலாம். பாட்டிலுக்குப் பதில் செங்கல் வைக்காதீர்கள், கரைந்து வால்வில் சிக்கும். இரண்டுமுறை ஃபிளஷ் தேவைப்பட்டால் பாட்டிலை எடுத்துவிடுங்கள்.

4. எண்ணை எல்லோரும் பார்க்கட்டும்

லிஃப்ட் பக்கத்தில் தினமும் ஒரே வரி: "நேற்று தலைக்கு 171 லிட்டர்." வீட்டு எண் எழுதவே கூடாது, ஒருவரைச் சுட்டினால் மற்றவர்களும் ஒதுங்கிவிடுவார்கள். முதல் இரண்டு வாரத்துக்கு 10 சதவீதக் குறைவு போதும். பாத்திரம் தேய்ப்பது வீட்டுவேலை செய்யும் அக்கா என்றால் அவரிடமும் மரியாதையாகப் பேசி, கழுவ ஒரு அகலத் தொட்டி வாங்கிக் கொடுங்கள்.

"நாளை தண்ணீர் வராது" என்று முன்னிரவில் பதறவைக்கும் செய்தி மட்டும் போடாதீர்கள். எல்லா வாளியும் குடமும் நிரம்பும், மறுநாள் பாதி சாக்கடைக்குப் போகும். எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை நிற்கும், ஒரு வீட்டுக்கு எத்தனை வாளி போதும் என்று சேர்த்தே சொல்லுங்கள்.