தமிழ்ப்பள்ளியில் நிரந்தர ஆசிரியராக என்ன செய்ய வேண்டும்?

மலேசியாவில் அரசாங்கப் பள்ளி ஆசிரியராக நிலைக்க மூன்று தாள்கள் கையில் இருக்க வேண்டும். முதலாவது, கல்வித் துறைப் பட்டம் அல்லது பட்டதாரிகளுக்கான கல்வி டிப்ளோமா; ஆசிரியர் அறையில் இதை ‘இக்திசாஸ்’ என்பார்கள். இரண்டாவது, கல்விச் சேவை ஆணையமான எஸ்.பி.பி. தரும் நியமனக் கடிதம். மூன்றாவது, சேவையில் உறுதிப்படுத்தும் கடிதம். முதல் தாள் வந்துவிட்டால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்கிப் படித்தவர்கள் நம்மிடையே உண்டு. அப்படி வராது. எந்த வழியில் போனால் எந்தத் தாள் கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் கிளம்ப வேண்டும்.

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்த கையோடு

தமிழ்ப்பள்ளிக்குப் போக விரும்புகிறவருக்கு மிக நேரான வழி ஆசிரியர் கல்விக் கழகம், அதாவது ஐ.பி.ஜி. நாடு முழுவதும் 27 வளாகங்கள் இருக்கின்றன. கோலாலம்பூரில் செராஸில் இல்மு காஸ் வளாகமும், லெம்பா பந்தாயில் பஹாசா மலாயு, பஹாசா அந்தாராபங்சா வளாகங்களும் உண்டு. பினாங்கில் தீவுப் பக்கம் ஒன்று. பெருநிலத்தில் புக்கிட் மெர்தாஜாமை அடுத்த மெங்குவாங்கில் துவாங்கு பைனுன் வளாகம். வீட்டுக்குப் பக்கத்து வளாகமே கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். தமிழ்ப்பள்ளிப் பிரிவுகள் எல்லா வளாகத்திலும் நடப்பதில்லை, இடத்தை ஒதுக்குவதும் நம் கையில் இல்லை. செராஸ் பிள்ளை ஈப்போவிலோ சுங்கை பட்டாணியிலோ போய்த் தங்கிப் படிக்க நேரலாம்.

ஆயத்தப் படிப்பு, அதன் பிறகு எட்டு செமஸ்டர் பி.ஐ.எஸ்.எம்.பி. எனும் ஆசிரியர் பயிற்சிப் பட்டம், எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஐந்து ஆண்டு. எஸ்.பி.எம். தேர்வில் குறைந்தது ஐந்து பாடங்களில் ஏ- அல்லது அதற்கு மேல் வேண்டும். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் கிரெடிட் வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பிரிவு என்றால் எஸ்.பி.எம். தமிழ்மொழி எடுத்திருக்க வேண்டும். விண்ணப்பம் இணையத்தில்தான், எஸ்.பி.எம். முடிவு வெளிவந்ததை ஒட்டிச் சில வாரங்கள் மட்டுமே திறந்திருக்கும். வயது வரம்பும் உண்டு. அதனால் ‘ஆறாம் படிவம் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம்’ என்று தள்ளிப் போட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

பெரும்பாலோர் சறுக்குவது பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது. தமிழ்ப்பள்ளி என்றால் ‘தமிழ்மொழி’ ஒன்றுதான் என்று நினைத்து எல்லோரும் அதற்கே முண்டியடிக்கிறார்கள். ஆனால் தமிழ்ப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் பெரும்பாலும் தமிழில்தான் கற்பிக்கப்படுகின்றன. அங்கே மலாய், ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கவும் ஆள் வேண்டும். அதனால் கணிதம், அறிவியல், மலாய், ஆங்கிலம் ஆகியவற்றுக்கும் எஸ்.ஜே.கே.டி., அதாவது தமிழ்ப்பள்ளி, என்று குறிக்கப்பட்ட தனிப் பிரிவுகள் விளம்பரத்தில் வருவதுண்டு. எஸ்.கே., அதாவது தேசியப் பள்ளி, என்று இருக்கிறதா, எஸ்.ஜே.கே.டி. என்று இருக்கிறதா என்று வரிக்கு வரி பாருங்கள். அந்த எழுத்துகளைக் கவனிக்காமல் அழுத்திவிட்டால் படிப்பும் வேலையும் தேசியப் பள்ளிக்கானதாகிவிடும், இடையில் மாற்றிக்கொள்வது எளிதல்ல.

இடைநிலைப்பள்ளியில் இருக்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எஸ்.பி.எம். தமிழை விட்டுவிட்டால் இந்த வழியே கிடையாது. கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் பள்ளி தமிழ் வகுப்பு நடத்த வகை உண்டு. எழுத்து மூலம் கேளுங்கள், ஆண்டுத் தொடக்கத்திலேயே கேளுங்கள். வகுப்பு அமையாவிட்டாலும் தமிழைத் தேர்வுப் பாடமாகப் பதிந்துகொள்ள முடியுமா என்று பள்ளியில் விசாரியுங்கள். பினாங்கு ஃபிரீ ஸ்கூல் 1816-இல் தொடங்கிய காலத்திலிருந்து தமிழ் கற்பித்தலுக்கு இந்த மண்ணில் வரலாறு இருக்கிறது. அது தொடர ஆசிரியர் வேண்டும், ஆசிரியர் வர எஸ்.பி.எம். தமிழ் வேண்டும்.

விண்ணப்பித்த பின் யு.கே.சி.ஜி. எனும் தகுதிச் சோதனை, அதில் தேறியவர்களுக்கு நேர்முகம். நேர்முகம் பெரும்பாலும் மலாயில் நடக்கும். தேசியக் கல்வித் தத்துவத்தை மனப்பாடமாக ஒப்பிப்பது போதாது. ‘ஜஸ்மானி, எமோசி, ரொஹானி, இந்தெலெக்’ (உடல், உணர்வு, ஆன்மிகம், அறிவு) என்ற நான்கும் ஓர் ஆறாம் ஆண்டு வகுப்பில் எப்படித் தெரியும் என்று கேட்டால், ஓர் உதாரணத்தோடு சொல்லத் தெரிய வேண்டும். ருக்குன் நெகாரா எனும் தேசியக் கோட்பாடு, 2013–2025 கல்வி மேம்பாட்டுத் திட்டம், 2027-இல் தொடங்கும் புதிய பாடத்திட்டம் ஆகியவற்றைப் பற்றிப் பத்து நிமிடம் மலாயில் பேசிப் பழகுங்கள். வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்துப் பழகினால் நல்லது. தமிழில் சரளமாகப் பேசுகிற பிள்ளைகள் பலர் மலாயில் பேசத் தயங்கித்தான் மதிப்பெண் இழக்கிறார்கள்.

இடம் கிடைத்ததும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். படிக்கும்போது மாத அலவன்ஸ் கிடைக்கும். அதற்கு ஈடாக, படித்து முடித்ததும் குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும். பாதியில் விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும், அந்தப் பொறுப்பு உத்தரவாதம் போட்டவர்மீதும் விழும். உத்தரவாதம் போடும் மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ இதை முன்பே விளக்கிச் சொல்லுங்கள்.

ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடித்தவர்கள்

அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவான யு.பி.யு. வழியாகப் பல்கலைக்கழகக் கல்விப் பட்டம் எடுக்கலாம். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில், அதாவது உப்சியில், தமிழ்மொழிக் கல்விக்கே பட்டம் உண்டு. கோலாலம்பூர்க்காரர்களுக்கு கே.டி.எம். கொமியூட்டர் ரயில் அதுவரை போகிறது. பினாங்கில் யு.எஸ்.எம். கல்வியோடு சேர்ந்த அறிவியல் பட்டம் தருகிறது. இவை பெரும்பாலும் இடைநிலைப்பள்ளியை நோக்கியவை என்பதை மனத்தில் வையுங்கள். யு.பி.யு. மெரிட்டில் 90 விழுக்காடு தேர்வு முடிவு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. அந்தப் பத்து விழுக்காட்டுக்கான சான்றிதழ்களைத் தொலைத்துவிடாதீர்கள். கல்விப் பட்டங்களுக்கு, ஆசிரியராகப் பொருந்துவாரா என்று பார்க்கும் மெட்சி சோதனையும் நேர்முகமும் உண்டு. மெட்சிக்குத் தனியாகப் பதிய வேண்டும்; யு.பி.யு.வில் விண்ணப்பித்ததோடு வேலை முடிந்தது என்று இருந்தவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

கையில் வேறு பட்டம் இருந்தால்

பட்டதாரிகளுக்கான கல்வி டிப்ளோமா, பி.டி.பி.பி. முன்பு கே.பி.எல்.ஐ. என்றும் பிறகு டி.பி.எல்.ஐ. என்றும் சொன்னது இதைத்தான். இது இரண்டு விதமாக நடக்கிறது, வித்தியாசம் மிகப் பெரியது. அமைச்சு விளம்பரம் செய்து, ஆள் எடுத்து, தேவையான பாடத்துக்கு மட்டும் நடத்துவது ஒன்று. சொந்தப் பணம் கட்டிப் பல்கலைக்கழகத்தில் படிப்பது மற்றொன்று. இரண்டாவதில் முதல் தாள்தான் கிடைக்கும். எஸ்.பி.பி. அந்தப் பாடத்துக்கு ஆள் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். 2021 இறுதியில் அறிவித்த 18,702 ஆசிரியர்களுக்கான சிறப்பு ஆள்சேர்ப்பு போல எப்போதாவதுதான் கதவு அகலத் திறக்கும்.

அதனால் பணம் கட்டும் முன் மூன்றைச் சரிபாருங்கள். உங்கள் முதல் பட்டம் பொதுச் சேவைத் துறையான ஜே.பி.ஏ.யின் அங்கீகாரம் பெற்றதா? இந்தியாவில் படித்தவர்கள் இதை முதல் வேலையாகப் பார்க்க வேண்டும். டிப்ளோமா, தகுதி அங்கீகார அமைப்பான எம்.கியூ.ஏ.யின் முழு அங்கீகாரம் பெற்றதா, தற்காலிக அனுமதி மட்டுமா? உங்கள் பட்டப் பாடம் பள்ளியில் கற்பிக்கும் பாடமா? வணிக நிர்வாகம் படித்தவர் தமிழ் ஆசிரியராக விண்ணப்பித்தால் எஸ்.பி.எம். தமிழ் மட்டும் தூக்கி நிறுத்தாது.

தற்காலிக ஆசிரியராக, ஜி.எஸ்.டி.டி.யாக, நான்கைந்து ஆண்டு உழைப்பவர்கள் பலர். அனுபவம் நல்லது, நேர்முகத்தில் பேச நிறைய இருக்கும். ஆனால் எத்தனை ஆண்டு நின்றாலும் அது இக்திசாஸ் ஆகாது. வேலை பார்த்துக்கொண்டே டிப்ளோமாவைத் தொடங்கிவிடுங்கள். பதிவோ கற்பிக்கும் பெர்மிட்டோ இல்லாமல் யாரும் பள்ளியில் கற்பிக்கக்கூடாது என்பது 1996 கல்விச் சட்டம். தனியார் பள்ளிக்கும் அது பொருந்தும்.

எஸ்.பி.பி., அதற்குப் பின்

விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதற்குத் தகுதிக் குறைவை விடத் தாள் குறைவு அடிக்கடி காரணமாகிறது. முதலில் மலாய்: எஸ்.பி.எம். மலாயில் வாய்மொழித் தேர்வோடு கூடிய கிரெடிட் வேண்டும். இல்லாதவர்கள் ஆண்டு நடுவில் வரும் மறுதேர்வை எழுதிவிட்டு வாருங்கள். அடுத்தது பெயர். பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கோவை, அடையாள அட்டையில் ஒன்று, எஸ்.பி.எம். சான்றிதழில் மகள் என்பதைக் குறிக்கும் ‘எ/பி’ விட்டுப்போனது என்று நம் குடும்பங்களில் இது சாதாரணம். நேர்முகத்துக்கு முதல் நாள் ஓடாமல், சத்தியப் பிரமாணக் கமிஷனரிடம் ‘இருவரும் ஒருவரே’ என்று பிரமாணப் பத்திரம் எடுத்து அசல்களோடு வையுங்கள். தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் மாறினால் அன்றே திருத்துங்கள், அழைப்பு அங்கேதான் வரும்.

நியமனம் பட்டதாரி ஆசிரியருக்கு டி.ஜி.9 எனும் பணித்தரத்தில் தொடங்கும், 2024 டிசம்பருக்கு முன் டி.ஜி.41 என்றிருந்தது இதுதான். முதல் இடம் பெரும்பாலும் சொந்த ஊராக இருக்காது. பினாங்கில் தமிழ்ப்பள்ளிகள் 28 மட்டுமே, நாட்டில் அதிகம் இருப்பது பேராக்கில். தோட்டப்புறப் பள்ளி கிடைத்தால் மறுக்காமல் போங்கள். நியமனத்தை மறுத்துவிட்டு மீண்டும் வரிசையில் நிற்பதை விட, போய்ச் சேர்ந்து இணைய வழி இடமாற்றம் கேட்பது மேல்.

சேர்ந்த பின் ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை தகுதிகாண் காலம். இண்டக்சி எனும் அறிமுகப் பயிற்சியை முடிக்க வேண்டும், தலைமையாசிரியரின் பரிந்துரை வேண்டும். நாள் பாடத்திட்டம், வகுப்பறை மதிப்பீட்டுப் பதிவு, வருகைப் பதிவு இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால் பரிந்துரையில் சிக்கல் வராது. பயிற்சிக்கு அழைப்பு வரவில்லை என்றால் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள்; பெயர் அனுப்பப்படாமலே விட்டுப்போயிருக்கலாம். உறுதிப்படுத்தும் கடிதம் தாமதமானால் பதவி உயர்வும் தள்ளிப்போகும். 2024 பிப்ரவரி முதல் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் கிடையாது, இ.பி.எஃப். எனும் சேமநிதிச் சேமிப்புதான். முதல் சம்பளச் சீட்டிலேயே அந்தப் பிடித்தம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.