ஆற்று வண்டலே வண்ணம்

பள்ளிப் பிள்ளைகளைத் தாமிரபரணியை வரையச் சொன்னால் எல்லோரும் நீலத்தைத்தான் எடுப்பார்கள். வெள்ளத்தில் ஆறு என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள்!

அந்தப் பழுப்பு வண்ணத்தை ஆற்று வண்டலிலேயே செய்யலாம். கரையோர வண்டலைப் பெரியவர்களே அள்ளி வரட்டும். தண்ணீரில் கரைத்து அரை நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் கலங்கலை மட்டும் வேட்டித்துணியில் வடிகட்டி, இரவு முழுக்கத் தெளியவிட்டு, நீரை இறுத்துவிடுங்கள். மிஞ்சும் களிம்புதான் வண்ணம். ஊறவைத்த கருவேலம் பிசினைக் கொஞ்சம் சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் காய்ந்ததும் பொடிப்பொடியாக உதிரும். கெட்டி அட்டை வேண்டும், நோட்டுத்தாள் சுருண்டுவிடும்.

கறுப்புக்கு அடுப்புக்கரி, சிவப்புக்கு மஞ்சளோடு சுண்ணாம்பு. அப்புறம், பாபநாசத்தில் தொடங்கிப் புன்னைக்காயல் வரை ஆளுக்கொரு ஊராகப் பிரித்துக் கொடுத்து, அட்டைகளை வரிசையாக ஒட்டினால் வகுப்புச் சுவரில் ஆறே ஓடும்.