டேங்கரைக் கடற்படைக் கப்பலாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்கால் துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பல்களைப் பார்த்துவிட்டு, “பழைய டேங்கர் ஒன்றை வாங்கிச் சாம்பல் வண்ணம் அடித்தால் கடற்படைக்கு எண்ணெய்க் கப்பல் ஆகிவிடாதா?” என்று கேட்பவர்கள் நாகப்பட்டினம் பக்கம் உண்டு. நியாயமான கேள்விதான். தென்கொரியாவில் கட்டப்பட்ட டெலோஸ் என்ற வணிக டேங்கரை ஆஸ்திரேலியா அப்படித்தான் மாற்றி, 2006-இல் சிரியஸ் என்ற பெயரில் கடற்படையில் சேர்த்தது. 1996 முதல் நம் கடற்படையில் இருக்கும் ஐ.என்.எஸ். ஜோதியும் வணிக டேங்கர் வடிவமைப்பிலிருந்து வந்ததே.

ஆனால் தொட்டியின் கொள்ளளவை மட்டும் பார்த்துக் கப்பல் வாங்குவதுதான் முதல் தவறு. பெரிய தவறும் அதுதான். வணிக டேங்கர் துறைமுகத்தில் கட்டி நிற்கும்போது சரக்கை இறக்கும். கடற்படைக்கு எண்ணெய் கொடுக்கும் துணைக்கப்பலோ ஓடிக்கொண்டே கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 50 மீட்டர் தள்ளிப் போர்க்கப்பல் அதே வேகத்தில் இணையாக ஓடும். இரண்டுக்கும் நடுவே எஃகு வடம்; அதில் தொங்கும் குழாயில் டீசல் பாயும். கப்பல்கள் நெருங்கினால் வடம் தொய்யும், விலகினால் விண்ணென்று இறுகும். இதை நொடிக்கு நொடி சமன்செய்யும் கருவி, அதைத் தாங்கும் தூண்கள், தூண்களுக்கு அடியில் தளத்தை வலுவாக்கும் எஃகு என எல்லாவற்றையும் புதிதாகப் பொருத்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கோடியக்கரைக் கடலைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. போதாததற்கு, பெரும்பாலான வணிக டேங்கர்களுக்கு ஒரே எஞ்சின், ஒரே சுக்கான். பக்கத்தில் இன்னொரு கப்பல் ஓடும்போது சுக்கான் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

எண்ணெய் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பதும் ஆபத்து. கச்சா எண்ணெய் சுமந்த தொட்டியில் ஹெலிகாப்டர் எரிபொருளை ஊற்ற முடியாது. சுத்திகரித்த எண்ணெய் ஏற்றும் டேங்கரையே தேட வேண்டும். பயணிகள் விமானத்துக்கான ஜெட் ஏ-1 எரிபொருளின் தீப்பற்று வெப்பநிலை (அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் குறைந்தபட்ச வெப்பநிலை) குறைந்தது 38 பாகை செல்சியஸ் இருந்தால் போதும். கப்பலில் வைக்கும் ஜேபி-5 என்ற விமான, ஹெலிகாப்டர் எரிபொருளுக்கு அது 60 பாகைக்குக் குறையக் கூடாது.

ஆட்களைப் பற்றிய கணக்கு பலமுறை கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. இருபத்தைந்து பேருக்கு அமைத்த சமையலறை, கழிவறை, குடிநீர், உயிர்காப்புப் படகு எதுவும் கடற்படையினரின் எண்ணிக்கைக்குப் போதாது.

“சின்ன மாற்றம்தானே” என்று ஒப்புதல் வாங்காமல் விடுவதை மன்னிக்கவே முடியாது. வணிக டேங்கராகப் பிறந்து ஆஸ்திரேலியக் கடற்படைக்கு வந்த கப்பல் வெஸ்ட்ராலியா. அதன் எஞ்சினில் இருந்த உறுதியான எரிபொருள் குழாய்களை எடுத்துவிட்டு வளையும் குழாய்களைப் பொருத்தினார்கள். கப்பலின் தரத்துக்குச் சான்று தரும் நிறுவனத்திடம் ஒப்புதல் பெறவில்லை. 1998 மே 5 அன்று ஒரு குழாய் வெடித்து, சூடான எஞ்சின் மேல் டீசல் பீய்ச்சியடித்துத் தீப்பற்றியது. நான்கு மாலுமிகள் இறந்தார்கள்.

மலிவாகக் கிடைக்கிறது என்று, எண்ணெய்க்கும் கடலுக்கும் நடுவே ஒரே தகடு உள்ள ஒற்றைச் சுவர் டேங்கரை வாங்குவதும் வேண்டாம். 1989-இல் எக்சான் வால்டீஸ் என்ற டேங்கர் அலாஸ்காவில் பாறையில் மோதி எண்ணெய் கொட்டிய விபத்து நடந்தபின் வணிக டேங்கர்களுக்கு இரட்டைச் சுவர் விதியாயிற்று. கடற்படைக் கப்பல்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் எண்ணெய்க் கசிவுக்கு அஞ்சும் வெளிநாட்டுத் துறைமுகம் விலக்கைப் பார்த்து இடம் கொடுத்துவிடாது. வெஸ்ட்ராலியாவின் இடத்துக்கு ஆஸ்திரேலியா தேர்ந்தெடுத்த சிரியஸ் இரட்டைச் சுவர்க் கப்பல்தான்.