இரண்டாம் பாகம் எந்த நிமிஷத்தில் சறுக்கியது என்று பிடிப்பது எப்படி

பெரிய பட்ஜெட் ஸை-ஃபை படத்தின் இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது வாயில் வருவது 'மொக்கை'. அடுத்து வருவது 'கிராஃபிக்ஸ் மட்டும்தான் இருக்கு'. இரண்டிலும் எது, எங்கே கெட்டது என்ற தகவல் இல்லை. அதைப் பிடிக்க ஒரு நோட்டும் ஐந்து மணி நேரமும் போதும். பழகிப் பார்க்கத் தோதான ஜோடி ரோலண்ட் எம்மெரிக்கின் 'இண்டிபெண்டன்ஸ் டே' (1996), அதன் தொடர்ச்சியான 'ரிசர்ஜன்ஸ்' (2016). இயக்குநர் அதே ஆள், பழைய நடிகர்களில் பலர் திரும்பி வந்தார்கள், கதையும் அதே ஏலியன் படையெடுப்பு. அதனால் எது மாறியது என்பது பளிச்சென்று தெரியும்.

முதல் பாகத்தை முதலில் பாருங்கள், அதே வாரத்தில். பன்னிரண்டு வயதில் பார்த்த ஞாபகத்தோடு ஒப்பிட்டால் எந்தப் படமும் தோற்கும். தமிழ் டப்பிங் வேண்டாம். அதில் இருக்கும் நக்கல் பாதி டப்பிங் எழுதியவருடையது. நேரம் குறிப்பதைத் தியேட்டரில் செய்யாதீர்கள். நம் ஊரில் இங்கிலீஷ் படத்துக்கு விடும் இடைவேளை இயக்குநர் வைத்தது அல்ல, படம் ஏறிக்கொண்டிருக்கும் இடத்திலேயே அறுத்துவிடுவார்கள். பழைய PAL (நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் இருந்த டிவி முறை) டிவிடி என்றால் இன்னொரு சிக்கல்: அது 4 சதவீதம் வேகமாக ஓடும், 145 நிமிஷப் படம் 139-க்குப் பக்கத்தில் முடிந்துவிடும். இரண்டு படத்தையும் ஒரே வகைப் பிரதியில் பாருங்கள்.

நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதலில் நேரம், அடுத்து என்ன நடக்கிறது, மூன்றாவதில் 'இப்போது யாருக்காகப் பயப்படுகிறேன்'. மூன்றாவது கட்டத்தை உடனே நிரப்ப வேண்டும். யோசித்து எழுதினால் பொய் வந்துவிடும். காலியாக விட்டாலும் அது ஒரு பதிவுதான்.

இப்போது முதல் அடி எப்போது விழுகிறது என்று குறியுங்கள். 1996 படத்தில் ஏலியன் கப்பல்கள் ஆரம்பத்திலேயே வந்துவிடும், ஆனால் படம் முக்கால் மணி நேரம் ஓடும் வரை அவை எதுவும் செய்யாது. தெருவில் நிழல் விழுகிறது, லேப்டாப்பில் எண் இறங்கிக்கொண்டே வருகிறது, மொட்டைமாடியில் கூட்டம் வரவேற்புப் பலகை பிடித்து ஆடுகிறது. அந்தக் காத்திருப்பில் உங்கள் மூன்றாவது கட்டத்தில் நாலைந்து பெயர் ஏறியிருக்கும். 'ரிசர்ஜன்ஸ்' கப்பல் வந்து இறங்குவதே அழிவு. ஆசியக் கட்டடங்களை உறிஞ்சி எடுத்து லண்டன் தலையில் கொட்டுகிறது. கண் விரிகிறது, கட்டம் காலி.

அளவையும் எழுதிக்கொள்ளுங்கள், தொல்லையின் வேர் பெரும்பாலும் அங்கேதான். முதல் படக் கப்பலின் அகலம் 15 மைல், சுமார் 24 கிலோமீட்டர். ஒரு ஊரை மூடும். கீழே நிற்பவன் அண்ணாந்து பார்க்கலாம். இரண்டாவதில் 3,000 மைல், அதாவது 4,800 கிலோமீட்டருக்கு மேல். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரியே 3,200 கிலோமீட்டர்தான். இவ்வளவு பெரியதை எந்த ஷாட்டிலும் மனிதனுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. பெரிதாகக் காட்டியதில் சிறிதாகிப் போனது.

அடுத்து சாவு. அடுத்த காட்சி அந்தச் சாவிடம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் ஜனாதிபதியின் மனைவி இறந்ததும், அம்மா தூங்குகிறாளா என்று மகள் கேட்பதற்குப் படம் நின்று இடம் கொடுக்கிறது. இரண்டாவதில் தாய் விழுவதை மகன் பார்க்கிறான்; உடனே விமானச் சண்டைக்கு ஓடவேண்டியிருக்கிறது.

கிராஃபிக்ஸ் பற்றி எழுதுமுன் ஒரு விஷயம். வெள்ளை மாளிகை வெடிக்கும் ஷாட் 12-இல் ஒரு பங்கு அளவு மாடலை வெடிக்க வைத்து எடுத்தது. ஒன்பது கேமரா, அதில் ஒன்று விநாடிக்கு 300 ஃபிரேம். சின்னப் பொருள் சட்டென்று விழுந்துவிடும், பார்த்தால் பொம்மை என்று தெரியும். அதனால் அதிக ஃபிரேமில் எடுத்து, வழக்கமான விநாடிக்கு 24-இல் ஓட்டி மெதுவாக்க வேண்டும். கணக்கு எளிது: அளவின் வர்க்கமூலத்தால் 24-ஐப் பெருக்கு. 12-க்கு சுமார் 3.5, ஆக 83 ஃபிரேம். வெடிக்கு அதற்கும் மேலே போவார்கள். தெருவை விழுங்கும் நெருப்புச் சுவருக்குத் தெரு மாடலையே நிமிர்த்தி வைத்து, கேமராவை மேலே வைத்து, கீழே வெடித்தார்கள். நெருப்பு மேலே ஏறுவது அதன் இயல்பு, படத்தில் அது நம்மை நோக்கி ஓடி வருகிறது. ஆகவே 'சிஜி மோசம்' என்று எழுதாதீர்கள். கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தரையில் ஒரு மனிதன் நிற்கக்கூடிய இடமா, அல்லது இடிபாட்டுக்கு நடுவே யாராலும் பறக்க முடியாத பாதையா? எடை போவது அங்கே.

வசூலை ஆதாரமாகக் காட்டுவதானால் கவனம். 'ரிசர்ஜன்ஸ்' பட்ஜெட் 16.5 கோடி டாலர், உலக வசூல் கிட்டத்தட்ட 39 கோடி. போட்ட பணம் இரண்டு மடங்குக்கு மேல் திரும்பியது போலத் தோன்றும். தியேட்டர் பங்கு போக ஸ்டுடியோ கைக்கு வருவது சுமாராகப் பாதி, சீனாவில் கால்வாசி. விளம்பரச் செலவோ அந்த பட்ஜெட்டில் சேராது. முதல் பாகம் 7.5 கோடியில் எடுத்து 81 கோடிக்கு மேல் வசூலித்தது. இதற்கு மேல் வசூலைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

கடைசியாக, கண்டுபிடித்த குறையைச் சோதியுங்கள்: அதைச் சரிசெய்தால் மூன்றாவது கட்டம் நிரம்புமா? இந்தப் படத்துக்கு எல்லோரும் சொன்ன காரணம், முதல் பாகத்தில் விமானியாக நடித்த வில் ஸ்மித் இல்லாதது. அவர் பாத்திரம் 2007-இல் சோதனைப் பறப்பில் இறந்ததாகச் சொல்லி, ஓவியமாக மாட்டிவிட்டார்கள். சரி, ஓவியத்திலிருந்து இறக்கி விமானத்தில் உட்கார வையுங்கள். நல்ல பஞ்ச் வசனம் நாலு கிடைக்கும். கப்பல் அப்போதும் 3,000 மைல்தான்.